தோளில் சில்லு: "சிப் ஆன் த ஷோல்டர்" எங்கே பிறந்தது?

கேள்வி, பிப்ரவரி 4

"ஹி ஹேஸ் எ சிப் ஆன் ஹிஸ் ஷோல்டர்" என்கிறார்களே, அது இங்கிலாந்தின் கப்பல் கட்டும் தளங்களில் பிறந்த சொல்லாம். தச்சர்கள் மிச்ச மரத்தைத் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோகும் உரிமை வைத்திருந்தார்களாம். அரசாங்கம் அதில் கை வைத்ததும் முறைத்துக்கொண்டு திரிந்தார்களாம். அதனால்தான் தோளில் சில்லு உள்ளவன் என்றால் மனக்குறையோடு சிடுசிடுப்பவன் என்று பொருள் வந்ததாம். வாட்ஸ்அப்பில் மாமா அனுப்பியது. உண்மையா? கென்ட் பக்கம் இருப்பவர் யாராவது சொல்லுங்கள்.

பிப்ரவரி 4, இரவு

கென்ட்காரன் நான்தான். வீடு கில்லிங்காம், பக்கத்து ஊர் சாத்தம்; அந்தக் கப்பல் தளங்களில் ஒன்று அங்கேதான். மாமா அனுப்பியதில் மரம் உண்மை, தோள் உண்மை, கோபமும் உண்மை. சொல் அங்கே பிறந்தது என்பது மட்டும் நிற்காது. விவரம் நாளைக்கு. சோறு ஆறுகிறது.

பிப்ரவரி 5

முதலில் கப்பல் தளக் கதையை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அது தன்னளவில் நல்ல கதை.

அரசுக் கப்பல் தளங்களில் தச்சர்களுக்குக் கூலி போக ஒரு மேல்வரும்படி இருந்தது. வெட்டும்போதும் செதுக்கும்போதும் விழும் கழிவு மரத்தை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். அடுப்புக்கு ஆகும், வேலிக்கு ஆகும், விற்றாலும் காசு. அதற்குப் பெயர் சிப்ஸ். பெயர்தான் சில்லு, மூன்றடிக்கு உட்பட்ட துண்டெல்லாம் அந்தக் கணக்கில் சேர்ந்தது. இப்படி ஒரு அளவை வைத்தால் தச்சன் என்ன செய்வான்? நல்ல மரத்தையே மூன்றடியாக அறுப்பான். கூலியும் மாதக்கணக்கில் பாக்கி நிற்கும் காலம் அது. நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

கடற்படை வாரியம் 1753இல் ஓர் உத்தரவு போட்டது: இனிமேல் ஒரு கையில் இடுக்கிக்கொண்டு போகிற அளவுதான். தோளில் ஏற்றினால் கட்டுக்கட்டாகப் போகும், அக்குளில் இடுக்கினால் கொஞ்சம்தான் போகும். 1756 ஜூனில் சாத்தத்தில் வாசலிலேயே தகராறு வெடித்தது. முன்னால் வந்த தச்சரைத் தோளிலிருந்து இறக்கச் சொன்னார்கள். இது என்னுடையது, இறக்கமாட்டேன் என்று அவர் நின்றார். பின்னால் வந்த கூட்டம் மரத்தோடு நெருக்கித் தள்ளியதில் அதிகாரிகளும் வாசலுக்கு வெளியே போய்விட்டார்கள். வெளியே வந்ததும் கூட்டம் மூன்று தடவை ஆரவாரம் செய்தது. தளத்து அதிகாரி மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில்தான் இதெல்லாம் இருக்கிறது. "சில்லுகளைத் தோளில் வைத்துக்கொண்டு" என்கிற வார்த்தைகளும் அதில் வருகின்றன.

இங்கேதான் இணையம் துள்ளிக் குதிக்கிறது. ஆனால் அந்தக் கடிதத்தில் தோள் என்றால் தோள், மரம் என்றால் மரம். ஆட்கள் மரம் சுமந்து போனார்கள் என்று அதிகாரி புகார் எழுதுகிறார், அவ்வளவுதான். அவர்களுடைய மனநிலைக்கு அவர் உவமை தேடவில்லை.

கடைசியில் 1801இல் இந்த வரும்படியை ஒழித்து, அதற்குப் பதில் காசாகக் கொடுத்தார்கள். அந்தக் காலத்துச் சீர்திருத்தங்களில் முன்னால் நின்றவர் சாமுவேல் பெந்தம், தத்துவவாதி ஜெரமி பெந்தமின் தம்பி.

பிப்ரவரி 5, கொஞ்சம் கழித்து

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. அதே 1756இல் சாத்தத்தில் நாமூர் என்ற போர்க்கப்பல் நீரில் இறங்கியது. பிற்பாடு அதை உடைத்து, அதன் மரத்தை அங்கேயே ஒரு பட்டறையின் தரைக்கு அடியில் போட்டுவிட்டார்கள். 1995இல்தான் கண்டுபிடித்தார்கள். தளத்தைக் கடற்படை 1984இல் மூடிவிட்டது, இப்போது அருங்காட்சியகம். அந்த மரத்தைக் கண்ணாடிக்குக் கீழே பார்க்கலாம். இங்கிலாந்து வருகிறவர்கள் லண்டன் பாலத்தையே படம் எடுத்துக்கொண்டிருக்காமல் ஒரு நாள் இந்தப் பக்கம் வாருங்கள்.

பிப்ரவரி 7

சரி, சொல் எங்கே பிறந்தது? கையில் இருக்கும் பழைய சாட்சிகள் எல்லாம் அமெரிக்காவில்.

1830 மே 20 தேதியிட்ட லாங் ஐலண்ட் டெலிகிராஃப். நியூயார்க் மாநிலத்தின் ஹெம்ஸ்டெட் ஊர்ப் பத்திரிகை. அதில் வரும் செய்தி: முரட்டுப் பையன்கள் இரண்டு பேர் சண்டை போட்டே தீருவது என்று நின்றால், ஒருவன் தோளில் மரச்சில்லு ஒன்றை வைப்பார்கள். துணிச்சல் இருந்தால் தட்டிவிடு, அப்புறம் வருவது உன் பாடு என்று மற்றவனிடம் சொல்வார்கள். இவ்வளவுதான் விளையாட்டு. தட்டினால் சண்டை, தட்டாவிட்டால் பயந்தாங்கொள்ளி.

அதற்கும் முன்னால் 1817. ஜேம்ஸ் கிர்க் பால்டிங் என்ற எழுத்தாளர் தென்பகுதியில் சுற்றிவந்து எழுதிய கடிதங்களில் ஒரு குதிரைக்காரன் வருகிறான். என்னைப் பார்த்து முழங்கையை மடக்கத் துணிகிற எவனையும் அடிப்பேன் என்று கத்திக்கொண்டே பாய்ந்து போகிறான். பழைய காலத்தில் சண்டைக்கு அழைத்துக் கையுறையை வீசுவதற்கும், பையன்கள் தோளில் இருக்கும் சில்லைத் தட்டுவதற்கும் இது சமம் என்று பால்டிங் விளக்கம் சொல்கிறார். அவர் அதை ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்த வழக்கமாகப் போகிறபோக்கில் சொல்வதைக் கவனியுங்கள். அப்படியானால் வழக்கம் 1817ஐ விடப் பழையது.

பால்டிங் பின்னாளில் அமெரிக்காவின் கடற்படை அமைச்சரானவர். கப்பல் தளக் கட்சிக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம்.

பிப்ரவரி 7, இரவு

பையன்களின் விளையாட்டு பெரியவர்களைத் திட்டும் சொல்லாக மாறியதற்கு நல்ல சாட்சி 1855 மார்ச். போர்ட்லண்டில் வந்த வீக்லி ஓரிகோனியன் எழுதுகிறது: லீலண்ட் தன் போன இதழில் தோளில் சில்லோடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருகிறார், தட்டிவிடும்படி புஷ்ஷை உசுப்புகிறார். இரண்டு பேருமே போட்டிப் பத்திரிகைகளின் ஆசிரியர்கள். இந்த புஷ் ஓரிகன் ஸ்டேட்ஸ்மன் நடத்திய ஏசகல் புஷ். ஜனாதிபதிக் குடும்பம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள்.

அந்தக் காலத்து ஓரிகன் பத்திரிகைகள் ஒன்றையொன்று திட்டிக்கொண்ட திட்டுக்கு "ஓரிகன் ஸ்டைல்" என்றே பெயர் இருந்தது. நம் ஊர் மேடைப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதைப் படித்தால் சொந்த வீட்டுக்குப் போன மாதிரி இருக்கும்.

இங்கே தோளும் இல்லை, மரமும் இல்லை, மை மட்டும்தான். உவமை என்று தைரியமாகச் சொல்லலாம்.

பிப்ரவரி 8

கனடா நண்பர் கேட்டதற்கு: "சாத்தம் தச்சர்கள் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து சொல்லையும் கொண்டுபோயிருக்கலாமே?"

ஆட்கள் போயிருக்கலாம். ஆனால் இரண்டு சில்லும் செய்யும் வேலை வேறு. சாத்தத்துச் சில்லு ஒரு சுமை, ஒரு சொத்து. அதை யாரும் தொடக்கூடாது என்பதுதான் தச்சனின் வாதம். லாங் ஐலண்ட் சில்லு ஒரு தூண்டில். யாராவது தொட வேண்டும் என்பதற்காகவே வைப்பது. ஒன்றிலிருந்து மற்றது எப்படி வரும்? நடுவில் ஒரு படி இருந்ததற்கு இங்கிலாந்துப் பக்கம் சாட்சியே இல்லை. ஒரே மரம், ஒரே தோள் என்பதற்காகச் சொந்தம் கொண்டாட முடியாது.

மாமா கதையில் இன்னொரு ஓட்டை. அது "மனக்குறை" என்ற இன்றைய பொருளை வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போய்த் தச்சர்களைப் பிடிக்கிறது. அந்தப் பொருள் பின்னால் வந்தது. ஆரம்பத்தில் இந்தச் சொல்லில் மனக்குறையே கிடையாது. வம்புக்கு நிற்பது மட்டும்தான்.

பிப்ரவரி 8, மாலை

"ஏன் மரச்சில்லு? கல்லை வைக்கலாமே?"

அப்போது அமெரிக்கக் கிராமத்து வீட்டுக்கு வீடு விறகு பிளக்கும் இடம் உண்டு. காலடியில் கிடப்பது சில்லு. பையன் குனிந்தால் கையில் வருவது அதுதான். கல் தோளில் நிற்கும், சில்லு லேசானது, விரல் பட்டால் விழும். அந்த லேசுதான் இதில் சூட்சுமம் என்று நினைக்கிறேன். "முதலில் தொட்டது நீ" என்று சொல்ல ஓர் ஆதாரம் வேண்டும், அதே நேரம் தொட்டதால் யாருக்கும் வலிக்கவும் கூடாது.

ஆங்கிலேயச் சட்டத்தில் இதற்கு ஒத்த வாசகம் ஒன்று உண்டு. 1704இல் கோல் எதிர் டர்னர் வழக்கில் தலைமை நீதிபதி ஹோல்ட் சொன்னது: கோபத்தில் ஒருவரை லேசாகத் தொட்டாலும் அது தாக்குதல்தான். வாயால் எவ்வளவு வைதாலும் அது தாக்குதல் ஆகாது என்பது பழைய நிலை. ஆக, வாய்ச் சண்டையைக் கைச் சண்டையாக மாற்றும் அந்தக் கோட்டை எதிராளியைத் தாண்டவைக்க வேண்டும், பழியும் அவன் தலையில் விழ வேண்டும். பத்து வயதுப் பையன்களுக்கு ஹோல்ட் தெரியாது. வாத்தியாரிடம் மாட்டினால் "அவன்தான் சார் முதல்ல" என்று சொல்லத் தெரியும். அது போதும்.

பிப்ரவரி 9

வக்கீல் அக்கா வந்து ஒரு குட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நியாயமான குட்டு. சில்லை வைத்து அழைத்தவன் சண்டைக்குச் சம்மதித்தவன், பிறகு தாக்கிவிட்டான் என்று புகார் செய்ய முடியுமா என்று கேட்கிறார். அதோடு நிற்காமல் 1882 கோனி வழக்கையும் நினைவூட்டுகிறார்: காசுக்காக வெறுங்கையால் அடித்துக்கொள்ளும் சண்டையில் இருவரும் சம்மதித்தே இறங்கினாலும் அது குற்றம்தான், சம்மதம் அங்கே செல்லாது என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. ஆக நீதிமன்றத்தில் சில்லு இரண்டு பேரையும் காப்பாற்றாது.

அக்கா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். சில்லு வாத்தியார் முன்னால் செல்லும், நீதிபதி முன்னால் செல்லாது.

பிப்ரவரி 10

கையுறை விஷயத்தை இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். பால்டிங்கே அதைத்தான் ஒப்பிடுகிறார், எனவே இது கிளைக்கதை இல்லை. கொஞ்சம் நீளும்.

கையுறையை வீசுவது வீரர்கள் காலத்தோடு போய்விட்டது என்று நினைப்போம். இங்கிலாந்தின் உயர் நீதிமன்றத்தில் ஒருவன் அதைச் சட்டப்படி வீசியது 1817இல். பால்டிங்கின் கடிதங்கள் அச்சான அதே வருஷம்.

பர்மிங்காம் பக்கம் எர்டிங்டனில் 1817 மே 27 காலை மேரி ஆஷ்ஃபோர்டு என்ற இளம்பெண் நீர் நிறைந்த குழி ஒன்றில் இறந்து கிடந்தாள். முந்தின இரவு நடன நிகழ்ச்சியிலிருந்து அவளோடு போனவன் ஆபிரகாம் தோர்ன்டன், கொத்து வேலைக்காரன். வாரிக் நகரில் விசாரணை நடந்தது. ஜூரி சில நிமிஷத்திலேயே குற்றவாளி இல்லை என்றது. ஊர் கொதித்தது. விடுதலையான பிறகும் இறந்தவரின் வாரிசு தனியாக வழக்குப் போட ஒரு பழைய வழி சட்டத்தில் மிச்சமிருந்தது. மேரியின் அண்ணன் வில்லியம் ஆஷ்ஃபோர்டு அதைப் பிடித்தார்.

தோர்ன்டனின் வக்கீல்கள் அதைவிடப் பழையதை, சண்டை போட்டு வழக்கைத் தீர்க்கும் வழியை, தோண்டி எடுத்தார்கள். நவம்பரில் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் நீதிபதிகளுக்கு முன்னால் தோர்ன்டன், நான் குற்றவாளி இல்லை, அதை என் உடம்பால் நிரூபிக்கத் தயார் என்று சொல்லிக் கையுறையைத் தரையில் எறிந்தான். எடுத்தால் சண்டை. தோர்ன்டன் கட்டுமஸ்தான ஆள், ஆஷ்ஃபோர்டு மெலிந்த இளைஞன். எடுக்கவில்லை. 1818 ஏப்ரலில் எல்லன்பரோ பிரபு தலைமையிலான நீதிபதிகள், பிடிக்கிறதோ இல்லையோ இது இன்னும் சட்டம்தான் என்றார்கள். ஆஷ்ஃபோர்டு பின்வாங்கினார், தோர்ன்டன் வெளியே போனான். 1819இல் நாடாளுமன்றம் அவசரமாக இரண்டு வழியையும் மூடியது.

கதையின் நடுவில் ஒரு பெண் இறந்து கிடக்கிறாள். கையுறை விவரம் சுவாரசியமாக இருப்பதாலேயே அவளை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள், இதை எழுதும்போது நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

வித்தியாசம் ஒன்று. கையுறையில் எறிபவன் முதலில் அசைகிறான், அழைப்பு அவனுடையது என்பதில் ஐயம் இல்லை. சில்லில் வைத்தவன் சும்மா நிற்கிறான், அசைய வேண்டியவன் மற்றவன். சில்லு கொஞ்சம் நயவஞ்சகமான ஏற்பாடு.

பிப்ரவரி 10, தூங்கும் முன்

முடிசூட்டு விழாவிலும் கையுறை எறிந்தார்களா என்று கேட்டவருக்கு: ஆமாம், 1821 ஜூலையில் நாலாம் ஜார்ஜின் விருந்தில் டைமோக் குடும்பத்து ஆள் கவசத்தோடு குதிரையில் உள்ளே வந்து மூன்று தடவை கையுறையை எறிந்தார். ராஜாவுக்கு உரிமை இல்லை என்பவன் எடுக்கலாம். யாரும் எடுக்கவில்லை. குதிரை ஆஸ்ட்லி சர்க்கஸிலிருந்து இரவல். கூட்டத்துக்கும் சத்தத்துக்கும் மிரளாத குதிரை வேறு எங்கே கிடைக்கும்? அதற்குப் பிறகு அந்த விருந்தையே விட்டுவிட்டார்கள்.

பிப்ரவரி 12

என் சொந்த அனுபவத்தை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் "இன்று இதை யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள்" என்ற கேள்விக்குப் புத்தகத்தில் பதில் இல்லை.

நான் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். பெயர் வேண்டாம். சில வருஷங்களுக்கு முன் ஷிப்ட் பட்டியலில் ஒன்றைக் கவனித்தேன். அரசு விடுமுறை நாள் வேலையும் கிறிஸ்துமஸ் இரவும் திரும்பத் திரும்ப ஒரே ஆட்களுக்கு விழுந்தன: நான், கானாவிலிருந்து வந்த ஒரு பெண், போலந்துக்காரர் ஒருவர். கூட்டத்தில் கேட்டேன். சத்தம் போடவில்லை, பட்டியலைக் காட்டிக் கேட்டேன். "பார்க்கிறோம்" என்றார்கள். அடுத்த மாதமும் அதே பட்டியல். திரும்பக் கேட்டேன்.

வருஷக் கடைசி மதிப்பீட்டுத் தாளில், வேலையெல்லாம் நன்று என்று நாலு வரி எழுதிவிட்டு, ஐந்தாவது வரியில் மேலாளர் இதைச் சேர்த்திருந்தார்: சில நேரம் தோளில் கொஞ்சம் சில்லு இருப்பது போலத் தோன்றுகிறது. அந்தக் "கொஞ்சம்" ஆங்கிலேயர்களுக்கே உரியது. தலையில் குட்டினாலும் லேசாகத்தான் குட்டியதாக எழுதுவார்கள்.

அப்போது எனக்குச் சொல்லின் பொருள் தெரியும், எடை தெரியாது. பக்கத்து மேசை யார்க்‌ஷயர்காரரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டுச் சிரித்தார். "எனக்கும் எழுதியிருக்காங்க. எனக்கு ரெண்டு தோள்லயும் இருக்கு, அதனாலதான் நேரா நடக்கிறேன்" என்றார். அது அவர் கண்டுபிடித்ததில்லை, பழைய நகைச்சுவை. ஆஸ்திரேலியர்களைப் பற்றியும் ஸ்காட்லாந்துக்காரர்களைப் பற்றியும் இதையே சொல்வார்கள்: சமநிலை தவறாதவன், இரண்டு தோளிலும் சில்லு. அது யார் யாரைப் பற்றிச் சொல்லப்படுகிறது என்று பாருங்கள். லண்டன் சீமான்களைப் பற்றி அப்படி ஒரு நகைச்சுவையை நான் கேட்டதில்லை.

பிப்ரவரி 13

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். கொஞ்சம் சூடாக இருக்கிறது, ஆனால் மாற்றப் போவதில்லை. சேர்க்க ஒன்று இருக்கிறது.

பழைய விளையாட்டில் சில்லை வைப்பது சண்டை வேண்டுகிறவன். தன் விருப்பம், தன் தோள். இப்போது சில்லை வைப்பது எதிரில் இருப்பவர். நான் ஒரு கேள்வி கேட்கிறேன், அவர் என் தோளில் ஒரு சில்லை வைக்கிறார். அதற்குப் பிறகு நான் கேட்டது கேள்வி இல்லை, என் குணக்கேடு. மறுத்தால் அதுவே சாட்சி: பார்த்தீர்களா, எவ்வளவு கோபம்! வம்புக்கு இழுக்க உண்டான சொல் வாயை மூடவைக்கும் சொல்லாகிவிட்டது.

இந்த மாற்றம் எப்போது நடந்தது? 1930இல் வெளிவந்த தன் ஆசியப் பயண நூலில் சாமர்செட் மாம் ஓர் ஆளைத் தோளில் சில்லு உள்ளவன் என்கிறார். உடனே, எல்லாரும் சேர்ந்து தன்னை அவமதிக்கச் சதி செய்வதாக நினைப்பவன் என்று விளக்கமும் தருகிறார். ஆக அந்த நேரத்துக்குள் பொருள் மாறிவிட்டது. சண்டைக்காரன் புகார்க்காரன் ஆகிவிட்டான்.

பிப்ரவரி 13, மதியம்

அட்லாண்டாவில் இருப்பவர் மறுக்கிறார்: "எங்கள் பக்கம் அது பாராட்டு!"

உண்மைதான், அதை விட்டுவிடக்கூடாது. அமெரிக்க விளையாட்டுச் செய்திகளில் தோளில் சில்லோடு ஆடுகிறான் என்றால் வெறியோடு ஆடுகிறான் என்று மெச்சுவது. அமெரிக்கக் கால்பந்தாட்டக்காரர் டாம் பிரேடியை, அணிகள் புது ஆட்களை எடுக்கும் 2000ஆம் வருஷத் தேர்வில் 199ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். அப்புறம் ஏழு சூப்பர் பவுல், அதாவது அந்த ஆட்டத்தின் இறுதிப்போட்டி வெற்றிகள். அந்த 199ஐப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சில்லு வராமல் இருக்காது. தன்னை ஒதுக்கியவர்களை ஒவ்வொருவராக நினைவில் வைத்திருப்பதில் கூடைப்பந்தாட்டக்காரர் மைக்கேல் ஜோர்டானை மிஞ்ச ஆள் இல்லை. 2009இல் ஹால் ஆஃப் ஃபேம் மேடையிலேயே பழைய கணக்குகளைத் தீர்த்தார்.

ஜெயித்தவன் தோளில் இருந்தால் அது உரம். கேட்டது இன்னும் கிடைக்காதவன் தோளில் இருந்தால் வியாதி. ஆய்வுக்கூடத்தில் சூப்பர் பவுல் கிடையாது.

பிப்ரவரி 16

இரண்டு நாள் இரவு ஷிப்ட், அதற்குள் இழை எங்கேயோ போயிருக்கிறது. "புட் அப் யுவர் டியூக்ஸ்" பற்றி ஐந்து பேர். சுருக்கமாகச் சொல்கிறேன்.

டியூக்ஸ் என்றால் முஷ்டி, கை; சண்டைக்குக் கையைத் தூக்கு என்று அழைப்பது. ஹாட்டனின் கொச்சைச் சொல் அகராதியின் 1874 பதிப்பில் இருக்கிறது. அது சொல்லும் வழி: லண்டன் எதுகைக் கொச்சையில் "டியூக் ஆஃப் யார்க்ஸ்" என்றால் ஃபோர்க்ஸ், ஃபோர்க்ஸ் என்றால் விரல்கள், விரலிலிருந்து கை. சுற்றுவழிதான், ஆனாலும் உண்மை என்று அதுவே சமாதானம் சொல்கிறது. சண்டைக்கு அன்பான அழைப்பு என்றும் நக்கல் அடிக்கிறது. நாடோடிகளான ரோமானி மக்களின் பேச்சில் குறி சொல்வதற்கு இருந்த "டுக்கர்" என்ற சொல்லிலிருந்து வந்தது, கைரேகை பார்ப்பதால் கைக்கு ஆகிவந்தது என்பது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பது ஆதாரம் ஆகாது, தெரியும்.

வெலிங்டன் டியூக்கின் மூக்கிலிருந்துதான் இந்தச் சொல் வந்தது என்றவருக்கு: அந்த மூக்கு பெரியது, கதை அதைவிடப் பெரியது.

பிப்ரவரி 16, பின்னிரவு

"ரன் த காண்ட்லெட்" வேறு. காண்ட்லெட் என்றால் கையுறைதான், ஆனால் இதில் கையுறையே இல்லை. இரண்டு வரிசையாக நிற்கும் சிப்பாய்களுக்கு நடுவில் ஒருவனை ஓடவிட்டு இரண்டு பக்கமும் அடிக்கும் தண்டனை அது. ஸ்வீடன் மொழியின் "காத்லோப்" என்ற சொல்லிலிருந்து வந்தது, சந்து ஓட்டம் என்று பொருள். ஆங்கிலேயர் காதில் அது கையுறை போல விழுந்து எழுத்தும் ஒட்டிக்கொண்டது.

பிப்ரவரி 17

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. 1970களின் கடைசியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் எவரெடி விளம்பரம் ஒன்று வந்தது. நடிகர் ராபர்ட் கான்ராட் முறைத்துக்கொண்டு நிற்கிறார். தோளில் சில்லு இருக்க வேண்டிய இடத்தில் பேட்டரி. துணிவிருந்தால் தட்டு என்கிறார். ஹெம்ஸ்டெட் பையன்களின் விளையாட்டு அப்படியே, மரத்துக்குப் பதில் ஆல்கலைன்.

வக்கீல் அக்கா கவனத்துக்கு: ஆங்கிலச் சட்டத்தில் அடிப்பதற்குப் பெயரே பேட்டரிதான். அந்த விளம்பரத்தை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தால் வணக்கம், தெரியாமல் அமைந்திருந்தால் இரட்டை வணக்கம்.

பிப்ரவரி 20

அந்த மதிப்பீட்டுத் தாள் என்ன ஆயிற்று என்று நிறையப் பேர் தனியாகக் கேட்கிறீர்கள். வீர சாகசம் ஒன்றும் இல்லை.

தாளில் நான் கையெழுத்துப் போட்டால்தான் அது கோப்புக்குப் போகும். மேலாளரிடம் போய், இந்த வரியை எடுக்கச் சொல்லவில்லை, இதைச் சாதாரண வார்த்தையில் எழுதித் தாருங்கள் என்றேன். நான் என்ன செய்தேன், எப்போது செய்தேன் என்று இருந்தால் போதும், சில்லு வேண்டாம். அவர் யோசித்தார். கெட்ட மனிதர் இல்லை. அந்தச் சொல் அவருக்கு யோசிக்காமலே வந்து விழுந்திருக்கிறது என்று அப்போதுதான் பட்டது. எழுத உட்கார்ந்தவருக்கு எழுத வேறொன்றும் இல்லை. கடைசியில், "விடுமுறை நாள் ஷிப்ட் பங்கீடு குறித்துக் கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேள்வி எழுப்புகிறார்" என்று மாற்றினார்.

அது உண்மைதானே, கையெழுத்துப் போட்டேன். அடுத்த கூட்டத்திலும் கேட்டேன். ஈஸ்டர் திங்கட்கிழமை யார்க்‌ஷயர்காரருக்குப் போயிற்று, இன்று வரை அவர் என்னை மன்னிக்கவில்லை.